"என் எடை 10 கல்!"

இங்கிலாந்தில் ஒரு பெரியவரிடம், "உங்கள் எடை எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "10 கல்" என்று பதில் சொன்னாலும் சொல்வார்! மனிதனுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்டோன்' என்றால் கல். அதுவே ஓர் எடையின் பெயரும் ஆகும். ஒரு ஸ்டோன் என்பது 14 ராத்தல். அதாவது 14 பவுண்டு. கிலோ கணக்கில் சுமார் 6 கிலோ 350 கிராம். 10 ஸ்டோன் மனிதர் என்றால் அவர் எடை 63½ கிலோ.

பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில் இரும்புப் படிக்கல் ஏது? பொறுக்கி எடுத்த ஒரு கல்லையே தராசுத் தட்டில் வைத்து நிறுத்தார்கள். கல்லே எடையின் பெயர் ஆகிவிட்டது. 'ஸ்டான்' என்ற பழைய ஆங்கிலச் சொல்தான் பிறகு 'ஸ்டோன்' ஆயிற்று.

நாம் மட்டும் என்ன? இரும்பில் செய்தாலும் 'எடைக்கல்' என்றுதானே சொல்கிறோம்!

சரக்குக்கு ஒரு கல்

கல்லுக்குக் கல் எடை வித்தியாசப்படும் அல்லவா? அதில்தான் தொல்லை வந்தது. கம்பளிக்கு 14 ராத்தல் ஒரு கல். லண்டன் ஸ்மித்பீல்டு சந்தையில் இறைச்சிக்கு 8 ராத்தல்தான் ஒரு கல். கண்ணாடிக்கோ 5 ராத்தலே ஒரு கல்! "எந்தக் கல்?" என்று கேட்காமல் வாங்கியவன் பாடு திண்டாட்டம்தான்.

"நாடு முழுவதும் ஒரே அளவு, ஒரே எடை வேண்டும்" என்று 1215-ம் ஆண்டிலேயே 'மாக்னா கார்ட்டா' என்ற புகழ்பெற்ற சாசனத்தில் எழுதி வைத்தார்கள். ஆனாலும் குழப்பம் தீரவில்லை. 600 ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1835-ல் வந்த சட்டம்தான் "கல் என்றால் 14 ராத்தல்" என்று முடிவு கட்டியது.

கம்பளி ஆசனம்

ஒரு மூட்டை கம்பளிக்கு 26 கல் கணக்கு. அதாவது 364 ராத்தல். கம்பளி வியாபாரத்தால் செழித்த நாடு அது. அதை மறவாமல், பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றும் கம்பளி அடைத்த ஆசனத்தில்தான் அமருகிறார்!

1985-ம் ஆண்டுச் சட்டம் கல்லை வியாபாரத்திலிருந்து விலக்கிவிட்டது. ஆனாலும் தங்கள் உடல் எடையைச் சொல்லும்போது அந்நாட்டு மக்கள் பலர் கல்லை விடவில்லை.

கல்லோ, கிலோவோ, எதுவானாலும் சரி. அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏழை கொடுக்கும் காசுக்குச் சரியான பொருள் கிடைப்பது அதனால்தான்!