குறட்டை நின்றால்தான் பயம்!

"வைத்தியரய்யா, இவரு குறட்டை விட்டா என் தூக்கம் போகுது. குறட்டை நின்னா என் உசுரே போகுது!"

வீரசோழனிலிருந்து வந்த அந்த அம்மா இப்படிச் சொன்னதும் கணவர் சிரித்தார். சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுபவர். ஐம்பதை நெருங்கும் வயது. பெருத்த தொந்தி, குட்டைக் கழுத்து. "அசந்து தூங்குறேன்யா, அதான் குறட்டை" என்றவர், மனைவி பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் கண் அயர்ந்துவிட்டார்!

நீங்களும் குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளம் என்றுதானே நினைத்திருக்கிறீர்கள்?

மூச்சு ஏன் நிற்கிறது?

தூங்கும்போது நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. காற்றுப் பாதை குறுகினால் குறட்டை. அடைத்துக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். 10 விநாடி, சிலருக்கு அரை நிமிடம்கூட! ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை பதறி உலுக்கும். திணறலுடன் ஒரு பெருமூச்சு, மறுபடி குறட்டை. இதுதான் 'ஸ்லீப் ஆப்னியா'. மணிக்கு 5 தடவைக்கு மேல் நடந்தால் கவனிக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் கடுமை.

காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலெல்லாம் தூக்கம், மறதி, எரிச்சல் இதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோகும். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் காலமானபோது, டாக்டர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

என்ன செய்யலாம்?

* எடையைக் குறையுங்கள். முக்கிய மருந்து இதுதான்.
* மல்லாந்து படுக்காதீர்கள். இடப்புறம் ஒருக்களித்துப் படுக்கச் சித்த மருத்துவம் சொல்வது இங்கே கைகொடுக்கும்.
* படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே அளவாகச் சாப்பிட்டுவிடுங்கள்.
* மதுவும், நீங்களாகப் போடும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. தசைகள் இன்னும் தளரும்.
* மூக்கடைப்பு இருந்தால் நொச்சி இலை ஆவி பிடிக்கலாம். ஆனால் அது மூக்கைத்தான் திறக்கும், தொண்டையைத் திறக்காது!

கஷாயம் போதுமா?

போதாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். தனியாகக் கேட்டபோது, அருப்புக்கோட்டை ரோட்டில் இரண்டு தடவை ஸ்டியரிங்கிலேயே கண் செருகியதை அவர் ஒப்புக்கொண்டார். "சரியாகும்வரை வண்டியைத் தொடாதீங்க" என்று சொல்லி, தூக்கப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினேன். அங்கே 'சிபாப்' கருவி கொடுத்தார்கள். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய முறை அது. முகமூடி வழியே காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை அடைபடாமல் காக்கும்.

அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா சொன்னார்: "மொத நாள் ராத்திரி சத்தமே இல்லைய்யா. பயந்துபோய் நெஞ்சுல கை வச்சுப் பார்த்தேன். மூச்சு சீரா ஓடுது. அப்புறந்தான் நானும் தூங்குனேன்."

இன்று இரவு உங்கள் வீட்டில் குறட்டை கேட்டால் எரிச்சலில் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். சத்தம் இடையில் நிற்கிறதா, கொஞ்சம் கவனியுங்கள்!