புனித லாரன்ஸின் கண்ணீரைப் படம்பிடிக்கலாமா?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஆம் நாளைப் புனித லாரன்ஸின் திருநாளாகத் திருச்சபை கொண்டாடுகின்றது. கி.பி. 258இல், உரோமைப் பேரரசன் வலேரியனின் ஆட்சியில், மறைசாட்சியாக உயிர் நீத்த திருத்தொண்டர் அவர். திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு அதிகாரிகள் கேட்டபோது ஏழைகளை அழைத்து வந்து நிறுத்தினார் என்றும், இரும்புக் கட்டிலில் கிடத்தப்பட்டுத் தீயால் வாட்டப்பட்டார் என்றும் மரபு கூறுகின்றது. அவருடைய திருநாளையொட்டிய இரவுகளில் வானிலிருந்து ஒளித்துளிகள் சிந்துவதை இத்தாலிய மக்கள் பல தலைமுறைகளாகக் கண்டு, அவற்றுக்குப் ‘புனித லாரன்ஸின் கண்ணீர்’ என்று பெயரிட்டனர். இன்றும் அந்நாட்டில் குடும்பத்தோடு வெட்டவெளியிலோ கடற்கரையிலோ படுத்து, அத்துளிகளுக்காகக் காத்திருப்பவர் பலர்.

அத்துளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை 1866இல் சியாபரெல்லி என்னும் இத்தாலிய வானியலறிஞர் விளக்கினார். 1862இல் தோன்றிய ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்மீன் செல்லும் பாதையும், இந்த எரிமீன்கள் வரும் பாதையும் ஒன்றே என்று அவர் காட்டினார். வால்மீன் தன் வழியெங்கும் உதிர்த்துச் சென்ற தூசிக்குள் நம் பூமி ஆண்டுக்கொரு முறை நுழைகின்றது. பெரும்பாலும் மணலளவே உள்ள அத்துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் பாய்ந்து, தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்ந்து அழிகின்றன. எரிமீன்கள் மிகுதியாகத் தோன்றும் நாள் நாட்காட்டியில் சிறிது சிறிதாகத் தள்ளிப் போகின்றது. ஆதலின் இக்காலத்தில் ஆகஸ்ட் 12, 13 ஆகிய நாள்களின் இரவே சிறந்தது.

இத்தகைய ‘எரிமீன் மழை’யின் படங்களைச் செய்தித்தாள்களில் நம்மில் பலர் கண்டிருப்போம். ஒரே படத்தில் ஐம்பது, அறுபது ஒளிக்கோடுகள் குடை விரித்தாற்போல் காணப்படும். அதைப் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடும் சிறுவர்கள், கால் மணி நேரத்தில் ஒன்றுகூடக் காணாமல் சலிப்புடன் இறங்கி வருகின்றனர். அவர்களுக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: அப்படங்கள் பெரும்பாலும் ஒரே நொடியில் எடுத்தவை அல்ல. ஓர் இரவு முழுவதும் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில், எரிமீன் பதிந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தவை. அதை மோசடி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அடியில் அதை ஒரு வரியில் குறிப்பிடாமல் விடுவது முறையன்று.

இனி, இருளில் காமிரா எவ்வாறு காண்கின்றது என்று பார்ப்போம். நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் வந்த ஒளியைக் கண்டு, அதை விட்டுவிட்டு அடுத்ததைக் காண்கின்றது. காமிராவோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் வந்து விழும் ஒளியை, கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் தொட்டியைப் போல் சேர்த்துக்கொண்டே இருக்கின்றது. எனவே கண்ணுக்குப் புலப்படாத மங்கலான விண்மீனும் இருபது நொடிகளில் படத்தில் தோன்றிவிடுகின்றது. ஆனால் பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கின்றது. அசையாமல் நிறுத்திய காமிராவை அரை மணி நேரம் திறந்து வைத்தால், விண்மீன்கள் புள்ளிகளாக இராமல் கோடுகளாகிவிடும். வட நாடுகளில் எடுத்த படங்களில் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி முழு வட்டங்களைக் காணலாம். நம் நாட்டுத் தென்கோடியில் அந்த விண்மீன் அடிவானத்திலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்திலேயே நிற்பதால், அவ்வட்டங்களின் பெரும்பகுதி பூமிக்குள் மறைந்துவிடும். அதற்கு ஈடாக நமக்கு வேறொரு காட்சி உண்டு. கிழக்கு நோக்கிக் காமிராவை வைத்தால், விண்மீன்கள் ஏறக்குறையச் செங்குத்தாக எழுவதைக் காணலாம்.

கோடு விழாமல் புள்ளியாகவே பதிக்க வேண்டுமாயின், வானத்தின் நகர்ச்சிக்கு ஏற்பத் தொலைநோக்கியையும் கடிகாரப் பொறியால் நகர்த்த வேண்டும். அவ்வாறு வானம் முழுவதையும் கண்ணாடித் தகடுகளில் படம்பிடிக்கும் பெருந்திட்டம் ஒன்று 1887இல் பாரிசில் உருவாயிற்று. பங்கேற்ற வானாய்வு நிலையங்களில் வத்திக்கானும் ஒன்று. அங்கே எடுத்த தகடுகளிலிருந்து விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்தவர்கள் அருட்சகோதரிகள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லூயிஜா பன்செரி ஆகிய நால்வரும் 1910 முதல் 1921 வரை 4,81,215 விண்மீன்களை அளந்து பதிவு செய்தனர். ஒருவர் நுண்ணோக்கி வழியே பார்த்து எண்ணைச் சொல்ல, மற்றவர் எழுதுவார். இச்சகோதரிகளின் பெயர்கள் பரவலாகத் தெரிய வந்ததோ 2016இல்தான்!

விண்மீனுக்குப் பொருந்தும் இந்த முறை எரிமீனுக்குப் பொருந்துவதில்லை. புதிதாகப் படம்பிடிப்போர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். விண்மீன் ஒரே இடத்தில் நின்று ஒளியைச் சொரிகின்றது. நேரம் கூடக் கூட அதன் பதிவும் வலுப்பெறும். எரிமீனோ பாய்ந்தோடுகின்றது. படத்தின் எந்த ஒரு புள்ளியிலும் அதன் ஒளி நொடியின் மிகச் சிறிய பகுதியே தங்குகின்றது. ஷட்டரை ஒரு நிமிடம் திறந்து வைத்தாலும், பத்து நிமிடம் திறந்து வைத்தாலும், எரிமீன் அதனால் சற்றும் கூடுதலாக ஒளிராது. கூடுவதெல்லாம் பின்னணி வானத்தின் வெளிச்சமே. நகரத்தருகில் அந்த வெளிச்சம் எரிமீனை விழுங்கியே விடும். ஆகவே எரிமீனைப் பிடிக்க வேண்டுவது நெடுநேரப் பதிவு அன்று. அகன்ற துவாரமுள்ள வில்லையும், ஒளியை எளிதில் உணரும் காமிராவும், இடைவிடாமல் எடுத்துக்கொண்டே இருக்கும் பொறுமையுமே. எரிமீனைக் கண்ட பின் பொத்தானை அழுத்துவது வீண். அது வரும்போது ஷட்டர் ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும்.

எரிமீன் ஒன்று முதன்முதலாகப் படத்தில் பதிந்ததும் இவ்வாறே. பியேலா என்ற வால்மீன் 1846இல் இரண்டாகப் பிளந்தது; 1852க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அது வரவேண்டிய பாதையைப் பூமி கடந்த 1872ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் இரவில், வால்மீனுக்குப் பதிலாக எரிமீன்கள் மழையாகக் கொட்டின. 1885இல் அதே நாளில் மீண்டும் கொட்டின. அன்று பிராக் நகரில், முன்னாளில் இயேசு சபையினரின் கல்லூரியாக விளங்கிய கிளெமெந்தினும் மாளிகையின் வானாய்வு நிலையத்தில், லாடிஸ்லாஸ் வைனெக் என்பவர் திறந்து வைத்திருந்த தகட்டில் ஒரு சிறு கோடு விழுந்தது. மறைந்துபோன வால்மீனின் துகள் ஒன்று விட்டுச் சென்ற தடம் அது.

கோடு கிடைத்துவிட்டது, ஆனால் எரிமீனின் வேகத்தை எப்படி அளப்பது? யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்கின், மிதிவண்டிச் சக்கரத்தில் தடுப்புகளைப் பொருத்திக் காமிராவின் முன் சுழல விட்டார். சுழலும் தடுப்பு ஒளியை அடிக்கடி மறைப்பதால், கோடு துண்டு துண்டாகப் பதியும். சக்கரம் சுழலும் வேகம் தெரியுமாதலால், துண்டுகளின் நீளத்திலிருந்து எரிமீனின் வேகத்தைக் கணக்கிடலாம். இதைவிட எளிமையான கருவி ஒன்றை வானியலில் காண்பது அரிது.

இம்முறையின் முழுப் பயனும் 1959 ஏப்ரல் 7ஆம் நாள் வெளிப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஒன்ட்ரேயோவ் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த செப்லெகா என்பவர், ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் காமிராக்களை நிறுவி, ஆண்டுக்கணக்கில் வானைப் பதிந்து வந்தார். எரிமீன் மழை எதுவும் எதிர்பார்க்கப்படாத அந்த இரவில் முழுநிலவையும் விஞ்சும் ஒளியுடன் ஒரு தீப்பந்து வானைக் கடந்தது. இரண்டு இடத்துக் காமிராக்களிலும் பதிந்தது. படங்களைக் கொண்டு பாதையைக் கணக்கிட்டுத் தேடியபோது, பிரீப்ராம் என்னும் ஊரருகே நான்கு கற்கள் கிடைத்தன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே குறுங்கோள்கள் சுற்றும் வெளியிலிருந்து அவை வந்தன என்று கணக்கு காட்டிற்று. விண்ணிலிருந்து விழுந்த ஒரு கல் எங்கிருந்து புறப்பட்டது என்று படச்சான்றுடன் மனிதர் அறிந்தது அதுவே முதல் முறை. 2002 ஏப்ரல் 6ஆம் நாள், ஏறத்தாழ அதே பாதையில் வந்த இன்னொரு கல் ஜெர்மனியின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையருகே விழுந்தது. பாதை ஒன்றாயினும் இரண்டு கற்களும் வேறு வேறு வகையைச் சேர்ந்தவை. அது ஏன் என்பது அறிஞர்களிடையே விவாதத்துக்குரியதாயிற்று.

நம் ஊர்களில் முயல விரும்புவோர் புனித லாரன்ஸின் இரவைவிட டிசம்பர் 13ஆம் நாள் இரவைத் தேர்ந்துகொள்வது நலம். ஆகஸ்ட் எரிமீன்கள் புறப்படும் திசை வடக்கே வெகுதூரம் தள்ளியிருப்பதால், நமக்கு அது நள்ளிரவுக்குப் பின்னரே போதிய உயரம் எய்துகின்றது. டிசம்பரில் வரும் மிதுன எரிமீன்களோ புனர்பூச விண்மீன்களின் அருகிலிருந்து புறப்படுவன. அத்திசை இரவு எட்டு மணிக்குள் கிழக்கே உதித்து, இரண்டு மணியளவில் உச்சியை நெருங்கிவிடும். இவற்றின் வேகம் நொடிக்கு 35 கிலோமீட்டரே; மெதுவாகச் செல்வன படத்தில் நன்கு பதியும். இவற்றின் மூலம் ஃபேத்தான் என்ற குறுங்கோள் என்பது 1983இல் தெரிய வந்தது. அன்று கண்பார்வைக்குப் பாதுகாவலியான புனித லூசியாவின் திருநாள் என்பதும் பொருத்தமே! வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் குறுக்கிடலாம். நிலவொளி மிக்க ஆண்டாகவும் அமையலாம். அவ்விரண்டுக்கும் நம்மிடம் மருந்தில்லை.

தெருவிளக்கு எட்டாத வயல்வெளியோ மலையடிவாரமோ ஏற்ற இடம். காமிராவை அசையாத முக்காலியில் பொருத்துங்கள். வில்லையின் துவாரத்தை முழுவதும் திறந்து, எஃப் 2.8 அல்லது அதற்கும் அகலமாக வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை இருக்கட்டும். 500 என்ற எண்ணை வில்லையின் குவிதூரத்தால் வகுத்தால் விண்மீன்கள் கோடாகாத நேரம் ஏறக்குறையக் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் வில்லைக்கு அது சுமார் 20 நொடி. தானாகக் குவியும் வசதியை நிறுத்திவிட்டு, பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிக் கையால் குவியுங்கள். காமிராவைப் புனர்பூசத்தை நோக்கியே திருப்ப வேண்டாம். அங்கே கோடுகள் குட்டையாக இருக்கும். திருவாதிரைப் பக்கமோ அதற்கும் அப்பாலோ சற்று விலக்கி வைத்தால் நீண்ட கோடுகள் கிடைக்கும். பிறகு, ஒரு படம் முடிந்தவுடன் அடுத்தது தொடங்குமாறு அமைத்துவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் போர்வையும், காமிராவின் மின்கலத்துக்கு மாற்றும் தேவை. மார்கழியை நெருங்கும் பனி வில்லையின்மேல் படியும். அரை மணிக்கொரு முறை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கைபேசியிலும் முயலலாம், ஆனால் சில கைபேசிகள் பல படங்களைக் கலந்து ஒன்றாக்குவதால் எரிமீன் மங்கிவிடக்கூடும்.

மணிக்கு 180 படம் வீதம் நான்கு மணி நேரத்தில் 700க்கு மேல் சேர்ந்துவிடும். அவற்றில் பத்துப் பன்னிரண்டில் எரிமீன் விழுந்திருந்தாலே நல்ல இரவு என்று கொள்க. வானில் மிகப் பெரியது ஒன்று காமிராவின் முதுகுப்புறமாகச் செல்வதும் உண்டு. அதைப் படுத்திருப்பவர்கள் கண்டு மகிழலாம். மறுநாள் படங்களைப் பார்க்கையில் விமானத்தையும் செயற்கைக் கோளையும் எரிமீன் என்று எண்ணிவிடலாகாது. விமானம் புள்ளி புள்ளியாக விளக்கு மின்னிச் செல்லும். செயற்கைக் கோளின் கோடு பல படங்களில் தொடர்ந்து வரும். எரிமீனோ ஒரே படத்தில் மட்டும் இருக்கும். நுனிகள் மெலிந்து நடுவில் தடித்திருக்கும், பெரும்பாலும் பசுமை கலந்த நிறம் காட்டும்.

ஆர்வமுள்ள இரண்டு குடும்பங்கள் செப்லெகா செய்ததைச் சிறிய அளவில் செய்து பார்க்கவும் இயலும். ஒரு குடும்பம் தஞ்சையிலும் மற்றொன்று திருச்சியிலும், கடிகாரங்களைச் சரியாக வைத்துக்கொண்டு, ஒரே இரவில் ஒரே வானப் பகுதியைப் படம்பிடிக்கட்டும். தஞ்சைக்கு நேர் உச்சியில் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரும் எரிமீன், திருச்சியில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 28 பாகை கிழக்கே தள்ளித் தெரியும். நீட்டிய கையின் முட்டியை மூன்று முறை அடுக்கினால் வரும் அகலம் அது. இரண்டு படங்களிலும் பின்னணி விண்மீன்களை ஒப்பிட்டு அந்தக் கோணத்தை அளந்தால், பத்தாம் வகுப்பு முக்கோணவியலைக் கொண்டே அது எரிந்த உயரத்தை மாணவர் கணக்கிட்டுவிடலாம்.