இருநூறு அடியில் ஒரு முடிவு

ஓடுபாதை தெரிகிறதா, இல்லையா? கொல்கத்தாவின் பனிமூட்டத்தில் இறங்கும் விமானி இதற்கு நொடிகளில் பதில் சொல்லியாக வேண்டும்.

டிசம்பர் வந்தால் கொல்கத்தாவில் அலிப்பூரின் பெயர் அடிக்கடி அடிபடும். மிருகக்காட்சி சாலைக்குப் படையெடுக்கும் கூட்டம் ஒரு காரணம். மற்றது, டூயல் அவென்யூவில் இருக்கும் மண்டல வானிலை மையம். (1780-ல் வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்ட சண்டை தந்த பெயர் இது.) 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்ததே இந்த நகரில்தான். இன்றும் சராசரி வங்காளிக்கு வானிலை என்றால் 'அலிப்பூர் ஹவா ஆபீஸ்'தான்.

ஆனால் அலிப்பூர் கணிப்பது நாளைக் காலையை. நகரின் வடக்கே டம்டமில் இறங்க வரும் விமானிக்குத் தேவை அடுத்த மூன்று நிமிடங்கள். தெளிந்த வானம், அசையாத காற்று, ஈரம் ஊறிய மண் - இவை சேர்ந்த இரவுகளில் தரையை ஒட்டி மூட்டம் உருவாகிறது. விடியலில் அது இன்னும் அடர்த்தியாவதும் உண்டு. ஐந்து மணிக்கு நன்றாகத் தெரிந்த ஓடுபாதை ஆறு மணிக்குக் காணாமல் போகும்.

ஓடுபாதையின் ஓரத்தில் உள்ள கருவி ஒன்று ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, வழியில் எவ்வளவு ஒளி வீணாகிறது என்று அளந்து, பார்வைத் தூரத்தை மீட்டரில் சொல்கிறது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'திருஷ்டி' இந்த வகைதான். சாதாரண ஐ.எல்.எஸ். (ரேடியோ அலைகளால் வழிகாட்டும் முறை) மூலம் இறங்க 550 மீட்டராவது தெரிய வேண்டும். விமானம் ஆயிரம் அடிக்கு வருவதற்குள் அளவு அதற்குக் கீழே போனால் மேற்கொண்டு இறங்கக் கூடாது. ஆயிரம் அடியைத் தாண்டிய பிறகு குறைந்தால்? தொடரலாம், 200 அடி வரை. அங்கே விளக்குகளோ ஓடுபாதையோ கண்ணில் பட்டால் இறங்கலாம். படாவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டியதுதான்.

ஆயிரம் அடியிலிருந்து இருநூறுக்கு வர ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். நொடிக்கு எழுபது மீட்டர் வேகத்தில் விமானம் முன்னேறுகிறது. கட்டுப்பாட்டு அறை சொல்லும் எண் சரியாகவே இருந்தாலும் அது தரையில் கிடைமட்டமாக அளந்தது. விமானி பார்ப்பதோ மேலிருந்து சாய்வாக. மெல்லிய மூட்டமாக இருந்தால் இன்னும் மோசம்: உயரத்திலிருந்து ஓடுபாதை முழுக்கத் தெரியும், "சரி, இறங்கலாம்" என்று மனம் தீர்மானித்துவிடும். கடைசி ஐம்பது அடியில் மூட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் மறைந்துவிடும். அப்போதும் மேலே போவதுதான் விதி. தீர்மானித்துவிட்ட மனதுக்கு அது எளிதல்ல.

'இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்க்கலாம்' என்ற சபலத்தின் விலை தமிழகத்துக்குத் தெரியும். 1973 மே 31 இரவு சென்னையிலிருந்து டெல்லிக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737, பாலம் விமான நிலையத்தை நெருங்கியபோது அங்கே புழுதிப்புயல். ஓடுபாதை கண்ணில் படாமலே, அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கும் கீழே இறங்கிய விமானம் உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி நொறுங்கியது. இருந்த 65 பேரில் 48 பேர் பலி. மத்திய உருக்குத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம், கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதம் இருவரும் அதில் போனார்கள்.

2020 ஆகஸ்ட் 7-ல் கோழிக்கோட்டில் நடந்தது வேறு ரகம். கொட்டும் மழையில் முதல் முயற்சியைக் கைவிட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானி, அதுவரை சரியாகத்தான் செய்தார். இரண்டாவது முயற்சியில், பின்னாலிருந்து காற்று தள்ள, ஓடுபாதையின் பாதியில் போய்த் தரை தொட்டார். துணை விமானி "கோ அரவுண்ட்" என்று சொல்லியும் மேலே எழும்பவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. கட்டுப்பாட்டைத் துணை விமானியே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் அது குறை சொல்கிறது. 21 உயிர்கள் போயின.

இன்று டம்டமில் உயர்தர ஐ.எல்.எஸ். இருக்கிறது. இதில் மிக உயர்ந்த ரகத்தில் ஐம்பது மீட்டர் தெரிந்தால் போதும், தானியங்கிக் கருவியே விமானத்தை இறக்கிவிடும். ஆனால் விமானமும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும், இரு விமானிகளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பழைய 550 மீட்டர்தான்.

எனவே டிசம்பர் காலைகளில் சில விமானங்கள் புவனேஸ்வரத்துக்குத் திரும்புவது தொடர்கிறது. பயணிகளின் கோபம் விமானிமீதுதான் பாய்கிறது. மாற்று நிலையத்துக்குப் போகவும், அங்கே அரை மணி நேரம் வட்டமிடவும் தேவையான எரிபொருள் புறப்படும்போதே நிரப்பப்பட்டிருக்கும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. மேலே திரும்பிய விமானியைத் தண்டிக்கக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கு ஆகும் செலவுக் கணக்கு மட்டும் கம்பெனியின் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.