நாள் முழுதும் அளந்த எண்களை நொடியில் வரையும் யூப்ளாட்

வெப்பநிலைமானி ஒன்று நொடிக்கு ஒரு அளவை அனுப்பினால், ஒரே நாளில் 86,400 எண்கள் சேர்ந்துவிடும். அவற்றை இணையப் பக்கத்தில் கோட்டுப்படமாகக் காட்டச் சொன்னால் பல வரைபட நூலகங்கள் திணறுகின்றன. லியோன் சொரோகின் எழுதிய யூப்ளாட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கு இது சாதாரண வேலை. சுருக்கிய வடிவில் அதன் அளவு சுமார் 50 கிலோபைட்தான். 1,66,650 புள்ளிகள் கொண்ட படத்தை 25 மில்லிநொடியில் உருவாக்கிவிடும் என்கிறது அதன் ஆவணம்.

எப்படி முடிகிறது? படத்தின் அகலம் 1,000 பிக்செல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்செல் அகலத்துக்குள் 86 அளவுகள் நெருக்கியடித்து நிற்கும். அத்தனைக்கும் தனித்தனியாகக் கோடு போட்டாலும் கண்ணுக்குத் தெரியப்போவது ஒரு செங்குத்துக் கீற்று மட்டுமே. ஆகவே யூப்ளாட் அந்த 86-இல் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் பார்த்துக்கொண்டு, இடைப்பட்டவற்றை வரையாமல் விடுகிறது. சராசரி எடுத்திருந்தால் ஒரே ஒரு நொடி எகிறிய வெப்பநிலை காணாமல் போயிருக்கும். பழுதைத் தேடுபவருக்கு வேண்டியதே அந்த ஒரு நொடிதான். இங்கே அது தப்பாமல் படத்தில் நிற்கிறது.

வரைவது இணையப் பக்கத்தின் கேன்வாஸ் எனும் வரைபரப்பில். புள்ளிக்கு ஓர் உறுப்பு என்று உலாவி ஆயிரக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை.

தரவைக் கொடுக்கும் முறையும் எளியது: நேரங்கள் ஒரு வரிசை, அளவுகள் இன்னொரு வரிசை. நேரம் ஏறுமுகமாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். அந்தக் கட்டுப்பாடு வீண்போகவில்லை. சுட்டியை எங்கே வைத்தாலும், வரிசையைப் பாதி பாதியாக வெட்டித் தேடி, 86,400 எண்களுக்குள் உரியதைப் பதினேழு ஒப்பீடுகளில் பிடித்துவிடலாம். கருவி நடுவில் நின்றுபோன நேரத்துக்கு வெற்று மதிப்பு கொடுத்தால் கோடு அங்கே அறுந்து நிற்கும். இல்லாத அளவை இருப்பதுபோல் இணைத்துக் காட்டாது.

வட்டப்படம் வேண்டுபவர்களும் அசைந்தாடும் கோடுகளை விரும்புபவர்களும் வேறு நூலகம் தேட வேண்டும். தரவைச் சுத்தம் செய்வதும் கூட்டுவதும் நிரலாளரின் பொறுப்பு. இந்தக் கறார்த்தனம் சரியானதே. வேண்டாத வசதிகளின் சுமையை எல்லாருடைய கைப்பேசியும் ஏன் தாங்க வேண்டும்?

சர்வர்களைக் கண்காணிக்கப் பலரும் பயன்படுத்தும் கிராஃபானா, முன்பு ஃப்ளாட் என்ற நூலகத்தைக் கொண்டு வரைந்துவந்தது. 2021-இல் வந்த அதன் 8-ஆம் பதிப்பில் நேரத்தொடர் படங்களை வரையும் வேலை யூப்ளாட்டின் கைக்கு வந்தது.