"இப்ப என்ன பண்றே?" - காலேஜ் குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் விலகும் தோழிகள்

மூலக்குளம் பஸ் ஸ்டாப்பில் காலை நேரம். விழுப்புரம் சாலையில் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும்போது கைப்பைக்குள் போன் விடாமல் சத்தம் போடுகிறது. எடுத்துப் பார்த்தால் யாரோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்திருக்கிறார்கள். காலேஜ் வகுப்பு குரூப். உள்ளே நாற்பது பேர். பாதிப் பேருக்கு டி.பி.யில் முகமே இல்லை. குழந்தை படம், ரோஜாப்பூ, முருகர். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இதில் யார் என்று தெரியவில்லை.

இப்படி ஒரு காலை உங்களுக்கும் வந்திருக்கலாம். முதல் இரண்டு நாள் திருவிழாதான். மங்கிப்போன குரூப் போட்டோவை யாராவது போடுவார்கள். கேன்டீன், கட் அடித்த வகுப்பு, திட்டிய மேடம் என்று மெசேஜ் கொட்டும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆண்களின் பழைய வகுப்பைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் என்ன பெயரோ அதே பெயர்தான் இன்றைக்கும். பெண்களுக்கு அப்படி இல்லை. நமக்கு பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். கல்யாணம் ஆனதும் அது கணவர் பெயருக்கு மாறிவிடுகிறது. மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. வழக்கம்தான். வகுப்பில் ஆர்.சுமதி, ஆதாரில் கே.சுமதி. ஃபேஸ்புக்கில் 'சுமதி' என்று தேடிப் பாருங்கள், எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்று தெரியும்.

கடைசி நாளில் எழுதி வாங்கிய ஆட்டோகிராப் நோட்டு இருக்கிறதே என்றால், அதில் இருப்பது அம்மா வீட்டு விலாசம். பாகூர், நெட்டப்பாக்கம், முத்தியால்பேட்டை. அவள் இப்போது எந்த ஊரிலோ.

புதுச்சேரியில் தாகூர் கலைக் கல்லூரி 1961-லும், பெண்களுக்கான பாரதிதாசன் அரசுக் கல்லூரி 1968-லும் தொடங்கப்பட்டன. கிராமத்துப் பெண்கள் பஸ் ஏறி டவுனுக்கு வந்து டிகிரி வாங்க ஆரம்பித்து இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல. அப்படிப்பட்ட வீட்டில் வாக்கப்பட்டு பிரான்ஸ் போனவளிடமிருந்து ஒரு பொங்கல் வாழ்த்து வந்திருந்தாலே அப்போது பெரிய விஷயம்.

பிறகு 2004-ல் ஆர்குட் வந்தது, பத்தே வருஷத்தில் மூடப்பட்டது. அதே 2004-ல் ஃபேஸ்புக் ஆரம்பித்ததே ஹார்வர்டு கல்லூரி மாணவர்களுக்காகத்தான். 2009-ல் வாட்ஸ்அப். 2018-ல் '96' படம் வந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்து ரீயூனியனில் முடிச்சு விழும் கதை. ராமையும் ஜானுவையும் பார்த்துவிட்டு வந்து குரூப் ஆரம்பித்தவர்களை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஜானு சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்துவிடுவார். மூலக்குளத்திலிருந்து பீச் ரோடு வருவதற்கே வீட்டில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கிறவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

மூன்று கேள்வி

குரூப் சூடு பிடித்ததும் அட்மின் ஒரு மெசேஜ் போடுவார். 'எல்லோரும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். வேலை, வீட்டுக்காரர், பசங்க.' நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறவர்கள்தான் முதலில் எழுதுகிறார்கள். பேங்க், சென்னையில் ஐ.டி., துபாய், ஸ்கூல் டீச்சர், மூத்தவள் நீட் படிக்கிறாள். கைதட்டல் எமோஜி வரிசையாக வந்து விழும்.

குழந்தை இல்லாதவள் என்ன எழுதுவாள்? கணவரைப் பிரிந்து வந்து அம்மா வீட்டில் இருப்பவள்? கொரோனாவில் கணவரை இழந்தவள்? கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவளைக்கூட 'ஏன்டி' என்று கேட்காமல் விடமாட்டார்கள். இன்னொருத்தி 'சும்மா வீட்லதான் இருக்கேன்' என்று எழுதுவாள். மாமியாருக்கு இன்சுலின் போடுவது, பிள்ளையை டியூஷனில் விடுவது, மாடியில் இருக்கிற இரண்டு வாடகை வீட்டுக் கணக்கு எல்லாம் அந்த 'சும்மா'வுக்குள் இருக்கிறது.

கல்லூரிகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' அமைப்பின் மதிப்பீட்டில், படிப்பை முடித்தவர்கள் வேலைக்குப் போனார்களா, மேல்படிப்புக்குப் போனார்களா என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பல வருஷம் கழித்து காலேஜிலிருந்து போன் வந்தால், காரணம் பெரும்பாலும் அந்தக் கணக்குதான். அதில் 'சும்மா'வுக்குக் கட்டம் இல்லை.

பதில் எழுத முடியாதவர்கள் முதலில் குரூப்பை மியூட் செய்கிறார்கள். பிறகு விலகுகிறார்கள். முன்பெல்லாம் யாராவது வெளியேறினால் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும், 'என்னாச்சு?' என்று நாலு பேர் கேட்பார்கள். 2022 ஆகஸ்ட்டில் வாட்ஸ்அப் அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு, விலகுவது அட்மினுக்கு மட்டும்தான் தெரிகிறது. விலகுகிறவளுக்கு அது நிம்மதி. மற்றவர்களுக்கு அவள் போனதே தெரியாது. குரூப் விவரத்தில் உறுப்பினர் பட்டியலின் கீழே போய்ப் பார்த்தால், கடந்த அறுபது நாளில் விலகியவர்களின் பெயர் இருக்கும். அதுவரை கீழே போகிறவர்கள் குறைவு.

27 வயதும் 52 வயதும்

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் மில்ஸ் காலேஜ் என்று ஒரு பெண்கள் கல்லூரி இருந்தது. அங்கே 1958, 1960 ஆண்டுகளில் படிப்பை முடித்த சுமார் 140 பேரை ரவென்னா ஹெல்சன் என்ற உளவியலாளர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 21 வயதில் ஒரு முறை, 27 வயதில் ஒரு முறை, 43, 52, 61 என்று அதே பெண்களிடம் திரும்பத் திரும்பக் கேள்வித்தாள் போனது. ஐம்பது வருஷத்துக்கு மேல் நடந்த ஆய்வு. ஒரு வகையில் உலகத்திலேயே பொறுமையான 'பேட்ச் குரூப்' இதுதான்.

தங்கள் வாழ்க்கைத் தரம் மிக நன்றாக இருக்கிறது என்று அதிகம் சொன்னவர்கள் இளம் வயதுக்காரர்கள் இல்லை, ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போயிருந்தார்கள், உடம்பு நன்றாக இருந்தது, கையில் கொஞ்சம் காசு இருந்தது, தன் மேல் நம்பிக்கை வந்திருந்தது. அமெரிக்காவை அப்படியே வில்லியனூருக்குக் கொண்டுவர முடியாதுதான். ஐம்பதில் நம் ஊர்ப் பெண் பேரப்பிள்ளை வளர்க்க மகன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஆனாலும் 30, 35 வயதில் 'அவ செட்டில் ஆகிட்டா, இவ ஆகல' என்று குரூப்பில் போடுகிற மார்க் ரொம்ப அவசரமானது என்பது மட்டும் தெரிகிறது.

குரூப் நடத்துகிறவர்கள் சில விஷயங்களைச் செய்யலாம். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை போன் செய்து கேட்பது முதல் வேலை. நம்மைக் கேட்காமல் யாரும் சேர்க்கக் கூடாது என்றால், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் குரூப்ஸ் என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அப்போது அழைப்பு தனியாக வரும், விருப்பம் இருந்தால் சேரலாம். அந்த மூன்று கேள்வியை விட்டுவிட்டு, 'இப்பவும் பாடுறியா?', 'அந்த வலது கால் வலி சரியாச்சா?' என்று அவளிடம் மட்டும் கேட்கக் கூடியதைக் கேட்கலாம். அதுவும் குரூப்பில் வேண்டாம், தனி மெசேஜில். விலகிப் போனவளைத் திரும்பச் சேர்க்கிற வேலையும் வேண்டாம். பேசினால் போதும்.

நம்பர் எடுக்கவில்லை என்றால் அவள் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம் இல்லை. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத சிம் ரத்தாகி, அந்த நம்பர் பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். அப்போது ஆட்டோகிராப் நோட்டில் இருக்கிற அந்தப் பழைய விலாசம்தான் உதவும். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் வரும்போது, சுற்று வட்டாரத்தில் பிறந்த பெண்கள் பலர் அம்மா வீட்டுக்கு வருவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னரே கலந்துகொண்ட தேர் அது, இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அன்றைக்குக் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், விலாசத்தில் இருக்கிற வீட்டுக்குப் போய் 'உங்க பொண்ணுகூட காலேஜ்ல படிச்சேன்மா' என்றால், அந்த அம்மா புது நம்பரும் தருவார், காபியும் தருவார்.