மயக்கம் தெளிந்தவர் சொல்வதைக் கேளுங்கள்

“டாக்டர், ஆபரேஷனை எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?” அறுவை முடிந்து, தையலும் போட்டு, நோயாளியை மீட்பு அறைக்குக் கொண்டுவந்த பிறகு மயக்க மருந்து நிபுணர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. எல்லாம் முடிந்துவிட்டது என்றால் பலர் நம்புவதில்லை. கையில் ஊசி ஏறியது, லேசாக எரிந்தது, முகத்தில் மாஸ்க் வைத்தார்கள், கண்ணைத் திறந்தால் வேறோர் அறை. நடுவே போன மூன்று மணி நேரம் அவர்கள் கணக்கில் இல்லவே இல்லை.

இரவுத் தூக்கம் அப்படியல்ல. கடிகாரத்தைப் பார்க்காமலேயே விடியப் போகிறதா, நடுநிசியா என்று ஓரளவு சொல்லிவிடுகிறோம். மயக்க மருந்து அந்தக் கால உணர்வையே குலைத்துவிடுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனீக்களைக் கொண்டு இதைக் காட்டினார்கள். தேனீ சூரியன் இருக்கும் இடத்தையும் தன் உடல் கடிகாரத்தையும் சேர்த்துத்தான் திசை அறிகிறது. பகலில் 6 மணி நேரம் ஐசோஃப்ளுரேன் வாயுவில் மயங்கிக் கிடந்த தேனீக்களைத் தெளிந்தபின் பறக்கவிட்டபோது, அவை தவறான திசையில் பறந்தன. அவற்றின் உடல் கடிகாரம் 3 மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. 2012-ல் வெளியான ஆய்வு இது.

நினைவு எங்கே போகிறது? இன்று பரவலாகப் பயன்படும் புரொபோபால் போன்ற மருந்துகள், மூளையில் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையை வலுப்படுத்துகின்றன. இதில் முதலில் அடிபடுவது புதிய நினைவுகளைப் பதியவைக்கும் வேலை. சுயநினைவை இழக்கவைக்கும் அளவைவிடக் குறைந்த மருந்திலேயே பதிவு நின்றுவிடும். அதனால்தான் தெளிந்து எழுந்தவர் மகளிடம் நலம் விசாரிப்பார், தண்ணீர் கேட்பார், டாக்டருக்கு நன்றிகூடச் சொல்வார். மாலையில் அதே மகளிடம், “நீ எப்பம்மா வந்தே?” என்பார். பேசியபோது அவர் விழித்துத்தான் இருந்தார். பேசியது பதியவில்லை. அறுவைக்கு முன்பு பதற்றம் தணிய மிடாசோலம் கொடுத்திருந்தால் இந்த மறதி இன்னும் நீளும்.

சிலர் கனவோடு எழுகிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 300 நோயாளிகளை மயக்கம் தெளிந்தவுடன் விசாரித்தபோது, 22 சதவீதம் பேர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் சின்னச் சின்ன, இதமான கனவுகள். மருந்தின் ஆழம் குறைந்து, மூளை தூக்கத்தை ஒத்த நிலைக்கு வரும்போது இவை தோன்றுகின்றன என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. ஆகவே கனவு வந்தது என்பதால் மருந்து போதவில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் எல்லா நினைவும் கனவல்ல. மயக்க மருந்தின் வரலாறே ஒரு நோயாளியின் நினைவோடுதான் தொடங்குகிறது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் ஓர் இளைஞரின் கழுத்துக் கட்டியை அகற்றினார். தெளிந்தவரிடம் கேட்டபோது, வலி தெரியவில்லை, கழுத்தை ஏதோ சுரண்டுவதுபோல் இருந்தது என்றார். மருந்து வென்றதையும் அது முழுமையாக இல்லை என்பதையும் நோயாளி வாய்மொழியாகத்தான் உலகம் அறிந்தது.

அந்தக் காலத்தில் மருந்து குறைந்தால் நோயாளி அசைவார், முனகுவார். மருத்துவருக்குத் தெரிந்துவிடும். 1942-ல் மான்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் தசைகளைத் தளர்த்தும் க்யூராரேயை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார்கள். வயிறு, மார்பு அறுவைகளை எளிதாக்கிய பெரும் முன்னேற்றம் அது. கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. தசைத் தளர்வு மருந்து உடலைக் கட்டிப்போடுமே தவிர, மனதை உறங்கவைக்காது. மயக்க மருந்து குறைந்து, தசைகள் மட்டும் செயலற்றுக் கிடந்தால், விழித்திருப்பதை ஒருவரால் ஒரு விரலை அசைத்துக்கூடத் தெரிவிக்க முடியாது.

அந்த விரலுக்கு வழிவிட்டவர் ஸ்காட்லாந்து மருத்துவர் மைக்கேல் டன்ஸ்டால். தசைத் தளர்வு மருந்து ஏறுவதற்கு முன் ஒரு கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிவிட்டால் அந்தக் கைக்கு மட்டும் மருந்து போகாது. பிறகு, “கேட்கிறதா? என் கையை அழுத்துங்கள்” என்று கேட்கலாம். 1977-ல் அவர் விவரித்த இந்த முறையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் 260 பேரிடம் கையாண்டு 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சுவாசக் குழாய் பொருத்திய பின் 12 பேர் கையை அழுத்திப் பதில் சொன்னார்கள். அவர்களில் 5 பேர் வலிக்கிறது என்றும் தெரிவித்தார்கள். ஆனால் அறுவைக்குப் பின் விசாரித்தபோது எவருக்கும் எதுவும் நினைவில்லை. நினைவில்லை என்பதாலேயே உணர்வும் இருந்திருக்காது என்று முடிவுகட்டக் கூடாது என்பதை இந்த ஆய்வு அழுத்தமாகச் சொல்கிறது.

நினைவோடு எழுபவர்கள் எத்தனை பேர்? பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து வந்த புகார்களைத் திரட்டி 2014-ல் வெளியான பெரிய தணிக்கை, சுமார் 19,000 பேரில் ஒருவர் என்றது. தசைத் தளர்வு மருந்து பயன்பட்ட இடங்களில் இது 8,000-ல் ஒருவர். பொது மயக்கத்தில் நடக்கும் சிசேரியனில் 670-ல் ஒருவர். ஆனால் 2000-ல் ஸ்வீடனில் ஏறக்குறைய 12,000 பேரை நேரடியாகக் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு நினைவு இருந்தது. தானாக வந்து சொல்பவர்கள் குறைவு. கேட்டால் சொல்பவர்கள் அதிகம் என்பதே இந்த இரு கணக்குகளின் இடைவெளி காட்டும் உண்மை. ஸ்வீடனில் சிலருக்கு முதல் நாள் நினைவு வரவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதுதான் வந்தது.

பிரிட்டன் தணிக்கை ஆறுதலான செய்தியும் தந்தது. இத்தகைய அனுபவங்களில் மூன்றில் இரண்டு பங்கு அறுவையின் நடுவே நேர்ந்தவை அல்ல. மயக்கம் ஏறும்போதோ தெளியும்போதோ நேர்ந்தவை. பெரும்பாலானவை 5 நிமிடத்துக்குள் முடிந்தவை. ஆனாலும் அனுபவித்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு நீடித்த மனப் பாதிப்பு இருந்தது. வலியைக் காட்டிலும், அசைய முடியாமல் கிடந்த அந்தத் திகில்தான் அவர்களை அதிகம் வாட்டியது. தெளியும் வேளையில் கொஞ்ச நேரம் கைகால் அசையாமல் போகலாம், அது தானாகச் சரியாகும் என்று புரிந்திருந்தவர்கள் ஒப்பீட்டளவில் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள். செலவில்லாத சில வார்த்தைகளுக்கு இவ்வளவு ஆற்றல் இருக்கிறது.

கேட்பதற்கான கேள்விகளும் தயாராகவே உள்ளன. பிரைஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1970-ல் வகுத்தவை அவை. தூங்குவதற்கு முன் கடைசியாக என்ன நினைவிருக்கிறது? விழித்ததும் முதலில் என்ன நினைவிருக்கிறது? நடுவே ஏதாவது? கனவு கண்டீர்களா? எது மிகவும் சங்கடமாக இருந்தது? இவற்றைக் கேட்க இயந்திரம் வேண்டாம். இரண்டு நிமிடமும் ஒரு நாற்காலியும் போதும். அறுவை நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், வீடு திரும்பும் முன் ஒருமுறையும் தையல் பிரிக்க வரும்போது இன்னொரு முறையும் இவற்றைக் கேட்பது வழக்கமாக வேண்டும்.

அறுவைக்குத் தயாராகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது குடிப்பழக்கம், தூக்க மாத்திரை, முந்தைய அறுவையின் அனுபவம் எதையும் மறைக்காதீர்கள். தெளியும்போது எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஏதாவது நினைவு வந்து உறுத்தினால், எத்தனை நாள் கழிந்திருந்தாலும் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அது மீட்பு அறையில் காதில் விழுந்த பேச்சாக இருக்கலாம், கனவாகவும் இருக்கலாம். பேசினால்தான் விளங்கும். வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால், “ஏதோ கனவு கண்டிருப்பே” என்று வாயை அடைக்காதீர்கள். முதலில் நம்புங்கள், பிறகு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.