பிள்ளை எந்த போர்ட்?

பிள்ளை இயர் டென்னுக்குப் போனதும் இங்கிலாந்தில் எங்கட வீடுகளில் விஞ்ஞானப் புத்தகம் குவியத் தொடங்கிவிடும். ஒன்று ரியூசன் மாஸ்டர் தந்தது, ஒன்று மச்சாளின் மகன் படித்து முடித்தது, இன்னொன்று கொழும்பிலிருந்து வந்தது. சனிக்கிழமைகளில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும் நான், பெற்றோரிடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: பிள்ளை எந்த போர்ட்? பலருக்குத் தெரியாது.

ஏ.கியூ.ஏ., எடெக்செல், ஓ.சி.ஆர். என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். ஏ.கியூ.ஏ. என்று தெரிந்தாலும் போதாது. அதன் கம்பைண்ட் சயன்சிலேயே ட்ரிலஜி, சினர்ஜி என்று இரண்டு இருக்கு. ட்ரிலஜி பிள்ளைக்கு விண்வெளிப் பாடம் கிடையாது, அது தனி பிசிக்ஸ் எடுப்பவர்களுக்கு. ஆனால் பிள்ளை இரவிரவாக யூடியூப்பில் நட்சத்திரம் பிறந்து சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறிவுக்கு நல்லதுதான், அடுத்த மாதம் சோதனை இல்லையென்றால். கொழும்பிலிருந்து வருகிற எடெக்செல் புத்தகமும் பெரும்பாலும் இன்டர்நேஷனல் ஜி.சி.எஸ்.ஈ.க்கு எழுதினது. போர்ட் ஒன்று, பாடத்திட்டம் வேறு.

ஹையரா, ஃபவுண்டேஷனா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஃபவுண்டேஷனில் 5க்கு மேல் எடுக்க வழியில்லை.

எங்கட ஆட்கள் அதிகம் கவனிக்காதது செய்முறை. குறைந்தது 15 வீதப் புள்ளிகள் செய்முறை பற்றிய எழுத்துக் கேள்விகளுக்குத்தான். ட்ரிலஜியில் 21 செய்முறைகள் கட்டாயம். அதில் ஒன்று, உருளைக்கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு செறிவுள்ள உப்புத் தண்ணீரிலோ சீனித் தண்ணீரிலோ போட்டு, முன்னும் பின்னும் நிறுப்பது. நாங்கள் ஊரில் பிரசாரணம் என்று படித்ததுதான், குசினியிலேயே செய்யலாம். ஆனால் வினாத்தாள் வரைவிலக்கணத்தோடு நிற்காது. நிறுக்க முதல் ஏன் துண்டை ஒற்றித் துடைக்க வேண்டும்? மேலே ஒட்டின தண்ணீரும் சேர்ந்து நிறுபடும். மாற்றத்தை ஏன் கிராமில் சொல்லாமல் வீதத்தில் சொல்கிறோம்? துண்டுகளின் ஆரம்ப நிறை ஒன்றாக இருக்காதே! பாடமாக்கின பிள்ளை இங்கேதான் தடுமாறும்.

பாடத்திட்டம் போர்ட்டின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எந்த வீடியோ என்று பிள்ளையையே பென்சிலால் எழுதச் சொல்லுவேன். பிபிசி பைட்சைஸ் பாடங்களை போர்ட் வாரியாகவே பிரித்து வைத்திருக்கு, அதற்கும் காசில்லை. எந்த வரிக்கு எதிரே ஒன்றும் இல்லையோ, அதற்குத்தான் ரியூசன். மணித்தியாலத்துக்கு எண்ணிக் கொடுக்கிற காசு மாஸ்டருக்குப் பிடித்த பாடத்திலேயே கரைய வேண்டாம். அடுத்த வகுப்புக்கு அந்தத் தாளையும் கொடுத்து அனுப்புங்கள்.